பூனைகளும் காத்த துடக்கு

எங்கள் மாடிக்கட்டடத்தில் என்னைப் பூனைக்காரி என்பார்கள். முகத்துக்கு நேரே சொன்னவர்கள் குறைவு. சொன்னால் திருப்பி வாங்கிக் கட்ட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கலியாணம் கட்டாமல் அறுபதைத் தாண்டிய ஒருத்தி கொழும்பு வெள்ளவத்தையில் தனியாக இருக்கிறாள் என்றால் அவளுக்கு ஒன்றில் கோயில் இருக்க வேண்டும், அல்லது வெளிநாட்டில் மருமக்கள் இருக்க வேண்டும். எனக்கு இரண்டும் இருந்தன. போதாததற்குப் பூனைகளும் இருந்தன என்பதுதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

என் பூனைகள் என்று சொல்வதும் பிழை. அவை சந்தில் திரிகிற ஒழுங்கைப் பூனைகள். கடல் பக்கம் இறங்குகிற எங்கள் ஒழுங்கையில் பிறந்து, கார் நிறுத்துமிடத்தில் வளர்ந்து, கீழ்த்தளத்தில் இருக்கும் என் குசினிக் கதவடியில் சாப்பிடப் பழகியவை. கறுப்பி, அவளுடைய சாம்பல் நிற மகள், வால் அறுந்த செம்மஞ்சள் ஆண் பூனை, எங்கள் பேச்சில் கடுவன், பிறகு நொண்டி. நொண்டிக்கு முன்னங்கால் ஒன்று இல்லை. ரயிலில் அடிபட்டது என்று எங்கள் கட்டடத்து வாட்ச்சர் சொன்னார். மோட்டார் சைக்கிள் என்று வேறு யாரோ சொன்னார்கள். எப்படிப் போனாலும் போன கால் போனதுதான். மற்ற மூன்றும் எங்காவது களவெடுத்துப் பிழைக்கும். நொண்டியால் ஒரு மதில்கூட ஏற முடியாது. அவளை வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டால் முதலில் வருகிற நாய்க்கு அவள் இரை, அவ்வளவுதான்.

அந்தப் பயம் எனக்குச் சும்மா வரவில்லை. கட்டடத்துக்கு ஒரு கொமிட்டி உண்டு, கொமிட்டிக்கு ஒரு செக்ரட்டரி உண்டு. நாலாம் மாடியில் தாயோடும் பெண்சாதி பிள்ளைகளோடும் இருக்கிற, நல்லாய்ப் படித்த யாழ்ப்பாணத்துப் பொடியன்தான். பூனைகளைப் பற்றிக் கூட்டம் போட்டுப் போட்டுக் களைத்து, கடைசியில் என் வீட்டு வாசலுக்கே வந்து ஒரு தீர்ப்புச் சொன்னான்.

"அன்ட்டி, நீங்கள் கீழ உங்கட கதவடியில வச்சுச் சாப்பாடு குடுங்கோ. அதுக்கு நாங்கள் ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் படியேறி ஆற்றயும் வீட்டுக்குள்ள பூந்துதெண்டு ஒரு முறைப்பாடு வந்தாலும் சரி, பிடிச்சுக்கொண்டுபோய்க் கால்வாய்க்கு அங்கால விட்டிடுவம்."

"கொல்ல மாட்டியள்தானே?" என்று கேட்டேன், வேண்டுமென்றுதான்.

"சீச்சீ! பூனையைக் கொல்லுறது பாவமெல்லோ!"

எங்கள் சனத்தின் பக்தி இப்படித்தான். கொல்வது பாவம், சாகட்டும் என்று கொண்டுபோய் விடுவது பாவமில்லை. தண்ணீர் தாண்டி விட்ட பூனை திரும்பி வராது என்பது நம்பிக்கை. அதனால் கால்வாய்.

அன்றிலிருந்து நான் ஒரு காரியத்தில் கண்டிப்பாக இருந்தேன். வயிறு நிறைந்த பூனை படியேறாது. காலையில் மீன்காரன் மோட்டார் சைக்கிளில் "மாளு, மாளு" என்று ஒழுங்கைக்குள் கத்திக்கொண்டு வருவான். சாளையோ சூடையோ, மலிவாக எது இருக்கிறதோ அதை வாங்கி, உப்புப் போடாமல் மஞ்சள் மட்டும் போட்டு அவித்து, சோற்றோடு பிசைந்து காலையும் மாலையும் வைப்பேன். எனக்குக் காய்ச்சல் என்றாலும் வைப்பேன். ஊரடங்குக் காலத்தில் மீன் கிடைக்காதபோது கருவாட்டை ஊறவைத்து உப்பு எடுத்து வைத்தேன். யாரும் ஒரு முறைப்பாடு கொடுக்கவில்லை. செக்ரட்டரியின் தாய்கூட, "உம்மட பூனையள் நல்ல ஒழுக்கம்" என்று ஒருநாள் லிஃப்டடியில் சொன்னா.

போன மாரியில் யாழ்ப்பாணத்திலிருந்து அண்ணாவின் மகன் போன் எடுத்தான்.

"மாமி, அப்பாவை ஆஸ்பத்திரியில இருந்து வீட்ட கொண்டுபோகச் சொல்லிப்போட்டினம். உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்."

வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. போவதா விடுவதா என்ற கேள்வியே இல்லை. எனக்கு இருந்த கூடப்பிறப்பு அந்த ஒருத்தர்தான். ஆனால் போனால் எப்போது திரும்புவேன் என்று சொல்ல முடியாது. அதுவரை குசினிக் கதவடியில் யார் மீன் வைப்பது? இரண்டு நாள் வைக்காவிட்டால் மூன்றாம் நாள் படியேறிவிடும். அடுத்த நாள் கால்வாய். இதை நினைத்துக்கொண்டு பெட்டி அடுக்கினேன். அண்ணா சாகக் கிடக்கிறார், இவளுக்குப் பூனைக் கவலை என்று நினைப்பவர்கள் நினைக்கட்டும். கவலை ஒன்றை ஒன்று தள்ளிவிட்டு வருவதில்லை, எல்லாம் சேர்ந்துதான் வரும்.

வெளியூர் போகிறவர்களின் செல்லப்பிராணிகளை வைத்துப் பார்க்கிற இடம் ஒன்று உண்டென்று கேள்விப்பட்டு அங்கே போன் எடுத்தேன். என்ன ஜாதிப் பூனை என்று ஒரு பெண் கேட்டாள். தெருப் பூனை என்றேன். எத்தனை ஊசி போட்டிருக்கிறது என்றாள். பிள்ளை, அதுகளைக் கையில் பிடிக்கவே ஏலாது, நீங்கள் வந்து சாப்பாடு மட்டும் வைப்பீர்களா என்று கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது, பிறகு போன் வைத்த சத்தம் கேட்டது.

எதிர்வீட்டில் கேட்டேன். அந்த வீட்டுக்காரி, "ஐயோ அக்கா, இவர் விடிய வெளிக்கிடேக்க பூனை குறுக்கால வந்தாலே திரும்பி வந்து இருந்து தண்ணி குடிச்சிட்டுத்தான் போறவர். நான் போய்ச் சோறு வச்சுக் கூப்பிட்டன் எண்டால் வீட்டில வெட்டுக்குத்துத்தான்" என்றாள். வாட்ச்சரைக் கேட்டேன். நல்ல மனுஷன். "பவ் நோனா, பவ்" என்று சிங்களத்தில் பூனைகளுக்காக இரங்கினார். ஆனால் அவருக்கு ஒரு வாரம் பகல் வேலை, மற்றக் கிழமை இரவு வேலை. கொமிட்டி சம்பளம் கொடுக்கிற மனுஷனிடம் கொமிட்டிக்குப் பிடிக்காத வேலையை எப்படிக் கட்டாயப்படுத்துவது?

அப்போதுதான் மேல்வீட்டுத் தங்கச்சி படியிறங்கி வந்தாள். முதலாம் மாடி, என் தலைக்கு நேர் மேலே. கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவள். தகப்பன் வழியும் புருஷன் வழியும் புறக்கோட்டையில் கடை வைத்திருந்த இந்திய வம்சாவளிக் குடும்பங்கள். மீன் சமைப்பதில் கெட்டிக்காரி. அவள் குழம்பு கொதித்தால் எனக்குக் கீழே பசிக்கும்.

"அக்கா, வாட்ச்சர் சொன்னாரு. நான் போடுறேன். இதுக்குப் போய் ஏன் ஊரெல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கீங்க? எங்க வீட்ல தினம் மீன்தானே."

"தங்கச்சி, ஒரு நாளும் தவறக்கூடாது. தவறினால் என்ன நடக்குமெண்டு தெரியுந்தானே?"

"தெரியுங்க. நீங்க தைரியமாப் போய்ட்டு வாங்க."

அவளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் கட்டடத்தில் பெரும்பாலும் யாழ்ப்பாணத்து ஆட்கள். அவள் வந்த நாளிலிருந்து எங்கள் பெண்கள் அவளைத் திருத்திக்கொண்டே இருந்தார்கள். அவள் பேசுகிற தமிழைத் திருத்துவார்கள். பொங்கல் பானையை எந்தப் பக்கம் வைப்பது என்று திருத்துவார்கள். ஒரு செத்தவீட்டுக்கு அவள் பூமாலையோடு வந்தபோது, "எங்கட ஆக்கள் இப்பிடிக் கொண்டாறேல்லை" என்று வாசலிலேயே ஒருத்தி சொன்னாள். அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எதைச் செய்வதற்கு முன்பும், "உங்க வழக்கம் எப்படிக்கா?" என்று கேட்கத் தொடங்கினாள். பாவம்.

சாவியைக் கொடுத்தேன். அரிசி இருக்கிற இடம், மஞ்சள் இருக்கிற இடம், பூனைக் கோப்பைகள் எல்லாம் காட்டினேன். நொண்டிக்குத் தனியாகத் தூணுக்குப் பின்னால் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கடுவன் தட்டிப் பறித்துவிடுவான் என்று சொன்னேன். மீன் முள்ளை நசித்துப் போடச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அடுத்த நாள் காலை கோட்டை ஸ்டேசனில் யாழ்ப்பாண ரயில் ஏறினேன்.

அண்ணா கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார். என்னைக் கண்டதும் அவர் கேட்ட முதல் கேள்வியே,

"எடியே, உன்ர சம்சாரமெல்லாம் என்ன செய்யுது?"

"இருக்குதுகள். மேல்வீட்டுப் பிள்ளை பார்க்குது."

"மீன் குடுக்குதோ?"

"ஓம் அண்ணா."

"அப்ப பறவாயில்லை. எனக்குத்தான் இஞ்ச ஒருத்தரும் தாறேல்லை. கஞ்சி, கஞ்சி, கண்டறியாத கஞ்சி."

சிரித்தோம். எனக்குச் சிரிக்க முடிந்ததே பெரிய காரியம். வாழ்நாள் முழுவதும் மீனில்லாமல் சோறு தொடாத மனுஷன். இளைய வயதில் பாசையூருக்குச் சைக்கிள் ஓடிப்போய் விளைமீன் வாங்கி வந்து தானே வெட்டிக் கழுவித் தருவார். இப்போது ஒரு கரண்டி கஞ்சி விழுங்கக் கால் மணித்தியாலம் எடுத்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்தக் கிழமையே போய்விட்டார். விடியற்காலை, மழை, வீட்டில் எல்லோரும் பக்கத்தில். நல்ல சாவு என்று சொன்னார்கள். சாவில் என்ன நல்லது கெட்டது என்று எனக்கு அப்போது கோபம்தான் வந்தது.

செத்தவீடு முடிந்ததும் நான் உடனே திரும்ப முடியாது. அந்தியேட்டி முடியும் வரை, அதாவது முப்பத்தோராம் நாள் வரை, சாவுத் தீட்டு, எங்கள் பேச்சில் துடக்கு. கூடப்பிறந்தவள் இருந்துதான் ஆக வேண்டும். மேல்வீட்டுத் தங்கச்சிக்குப் போன் எடுத்து, அண்ணா போய்விட்டார், வரச் சுணங்கும் என்றேன். அவள் போனிலேயே அழுதாள். அண்ணாவை அவள் ஒருநாளும் கண்டதில்லை.

"நீங்க இருந்து எல்லாம் முடிச்சிட்டு வாங்கக்கா. இங்க நான் ஒரு குறையும் இல்லாமப் பாத்துக்கிறேன்."

அதற்குப் பிறகும் இடைக்கிடை எடுத்தேன். துடக்கு வீட்டில் இருந்துகொண்டு பூனையை விசாரிப்பது அண்ணாவின் பெண்சாதிக்கு, என் மச்சாளுக்கு, பிடிக்காது என்பதால் கிணற்றடிக்குப் போய் நின்று எடுப்பேன். "வச்சாச்சுக்கா, வச்சாச்சு" என்பாள். பிறகு பிறகு போனில் அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு இருந்த துக்கத்தில், அவளும் துக்கத்தில் கதைக்கிறாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து வாழையிலையில் படைப்போம். எங்கள் குடும்பத்தில் அதில் மச்சமும், அதாவது மீனும் இறைச்சியும், உண்டு. சில குடும்பங்களில் முப்பத்தொன்று வரைக்கும் மரக்கறிதான். எங்கள் ஆட்கள் அவ்வளவு இறுக்கம் இல்லை. அண்ணாவுக்கு விளைமீன் குழம்பு நான்தான் வைத்தேன். பொரித்த மீன், நண்டு, ஒரு கிளாஸ் சாராயமும் வைத்தார்கள். படைத்து முடிந்ததும் எல்லோரும் அதைச் சாப்பிட்டோம். அன்றிலிருந்து அந்த வீட்டில் மீன் சமைத்தார்கள். சட்டியில் கிடந்த மீன் தலையைப் பார்த்தபோது எனக்குக் குசினிக் கதவடி ஞாபகம் வந்தது. கறுப்பிக்குத் தலை என்றால் உயிர். அண்ணாவும் தலைக்குத்தான் சண்டை பிடிப்பார். இரண்டையும் சேர்த்து நினைத்துக் குசினிக்குள் நின்று அழுதேன். வந்திருந்த சனத்துக்கு அது அண்ணாவுக்கான அழுகையாகவே பட்டிருக்கும். பாதி அதுதான்.

கீரிமலையில் அந்தியேட்டி முடிந்த கையோடு ரயில் ஏறிவிட்டேன். வெள்ளவத்தையில் ஓட்டோவால் இறங்கியபோது பின்னேரம். அந்த நேரத்துக்கு நான் ஒழுங்கையில் கால் வைத்தாலே கடுவன் மதிலில் இருந்து குதித்து முன்னால் நடப்பான். அன்று மதில் வெறுமையாகக் கிடந்தது. பின்பக்கம் போனேன். கோப்பைகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. காய்ந்த கோப்பைகள். கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். வாட்ச்சர் வாசல் கேட்டடியிலிருந்து என்னைப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"கோ பூசோ?" என்று அவரிடம் போய்க் கத்தினேன். எங்கே பூனைகள்?

அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். நாலாம் மாடிக்குள் பூனை புகுந்து பொரித்துக்கொண்டிருந்த மீனைத் தூக்கிவிட்டதாம். அதற்கு முதலே இரண்டாம் மாடியில் ஒரு முறை, அவர்கள் முறைப்பாடு கொடுக்கவில்லையாம். செக்ரட்டரி பிடிக்கச் சொல்லிவிட்டார். வாட்ச்சர்தான் சாக்கில் போட்டுத் தெஹிவளைப் பக்கம், பாலத்துக்கு அங்கால் உள்ள ஒரு மீன் சந்தையில் விட்டாராம். அங்கேயென்றால் சாப்பாடாவது கிடைக்கும் என்று தானே அந்த இடத்தைத் தெரிவு செய்தாராம். நொண்டி மட்டும் மேல்வீட்டு நோனாவிடம்.

நான் படியேறினேன். ஏறும்போதே சண்டைக்கு வேண்டிய சொல்லெல்லாம் வாயில் வந்து நின்றன. படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனேனே! ஒரு வேளை மீன் வைக்கத் துப்பில்லையென்றால் எதற்கு ஓடிவந்து பொறுப்பெடுத்தாள்? கதவில் பலமாகத் தட்டினேன்.

கதவைத் திறந்தவள் என்னைக் கண்டதும் குனிந்து என் காலைத் தொட்டாள். எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் செய்வதில்லை. நான் பயந்து பின்னால் விலகினேன்.

"அக்கா, என்னை மன்னிச்சிருங்கக்கா. பெரிய பாவம் பண்ணிட்டேன்."

"என்ன நடந்தது? எழும்புங்கோ முதல்ல. எழும்பிச் சொல்லுங்கோ."

அவள் அழுகைக்கிடையில் சொன்னாள். அண்ணா போன செய்தி கேட்ட அன்று, துடக்கு வீட்டு வாசலில் பூனைக்கு மீன் வைக்கலாமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அது என் வீட்டுக் கதவடி அல்லவா? போனில் என்னிடம் கேட்க மனம் வரவில்லை. அண்ணாவைப் பறிகொடுத்தவளிடம் போய் மீன் கதை கதைப்பதா? நாலாம் மாடிக்குப் போய்ச் செக்ரட்டரியின் தாயிடம் கேட்டிருக்கிறாள், உங்க வழக்கம் எப்படி என்று. அந்த மனுஷி, "எங்கட ஆக்களில செத்தவீட்டு வாசலில முப்பத்தொண்டு முடியும் வரைக்கும் மச்சம் மணக்கவே கூடாது, பிள்ளை" என்று சொல்லிவிட்டா. அவ்வளவுதான். அன்றிலிருந்து எங்கள் கதவடியில் பூனைகளுக்குத் தயிர்ச்சோறு. பருப்புச்சோறு. ஒருநாள் அப்பளம்கூடப் பொரித்து நொறுக்கிப் போட்டாளாம். அவை உருத்திராட்சம் கட்டின பூனைகளா, இதையெல்லாம் சாப்பிட? மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. போனவை கொஞ்ச நாள் ஒழுங்கையில் களவெடுத்துப் பார்த்து, பிறகு மீன் மணந்த இடத்துக்குப் போயின. அதே செக்ரட்டரியின் தாய் நாலாம் மாடியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தா.

"எங்க வீட்லயும் மீன் சமைக்கலக்கா," என்றாள். "கீழ அதுங்களுக்குத் தயிர்ச்சோறு போட்டுட்டு மேல வந்து நாங்க மட்டும் எப்படி மீன் திங்கிறது? அவருக்குக் கோபம், கடையில சாப்பிட்டுக்கிட்டாரு. மூணையும் சாக்குல போட்டப்ப நான் நொண்டியத் துணிக்கூடையில வச்சு மேல தூக்கிட்டு வந்துட்டேன். இவ ஒண்ணுமே திங்கல. பால் குடிக்கல. எலும்பும் தோலுமாப் போனா. செத்துருவான்னு பயந்து..." அவள் நிறுத்தி, மூக்கைத் துடைத்தாள். "பயந்து, சந்தைக்குப் போய்ச் சாளை வாங்கிட்டேங்க. முப்பத்தொண்ணு முடியல. தெரிஞ்சேதான் வாங்கினேன். அண்ணனுக்கு ஏதும் ஆகுமாக்கா? அவர் ஆத்மாவுக்கு ஏதும்..."

அதைத்தான் அவள் பாவம் என்று சொல்லி என் காலைத் தொட்டிருக்கிறாள். தயிர்ச்சோறு போட்டதையல்ல. மீன் வாங்கியதை.

வாயில் வந்து நின்ற சொல்லெல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. கண்டறியாத ஒரு மனுஷனுக்காக, தன் புருஷனைக் கோபப்படுத்திக்கொண்டு, இவள் மீன் சட்டியைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். யாழ்ப்பாணத்தில் அவருடைய சொந்தப் பிள்ளைகள் அந்த நாளெல்லாம் மீன் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன். எனக்கு அவள் மேல் பெரிய இரக்கம் வந்தது. அவள் பயத்தை அந்த நிமிஷமே இல்லாமல் செய்துவிட வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

"விசர்க் கதை கதையாதையுங்கோ, தங்கச்சி. ஒரு பாவமும் இல்லை. எங்கட வீட்டில எட்டிலயே மீன் படைச்சாச்சு. அண்ணாவுக்கு விளைமீன் குழம்பு நான்தான் வச்சனான். அதுக்குப் பிறகு எல்லாரும் மீன்தான் சாப்பிட்டவை. நீங்கள் வாங்கினதில ஒரு குற்றமும் இல்லை."

அவள் முகம் தெளிந்தது. அழுத கண்ணோடு சிரிக்கக்கூடத் தொடங்கினாள். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. நான் சொன்னது என்ன என்று அப்போதுதான் எனக்கும் விளங்கியது.

"எட்டு முடிஞ்சதுமே வைக்கலாமாக்கா?"

நான் கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

"அதுங்களைப் பிடிச்சது அதுக்கு ரொம்ப நாள் பின்னாடிக்கா. அப்ப அதுங்களுக்கு மீன் போட்டிருக்கலாமா? போட்டிருந்தா மேல ஏறியிருக்காதே?"

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வது? அவளுக்குக் கணக்குத் தெரியாதா?

உள்ளே குளியலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு நொண்டி வந்தாள். மூன்று காலில் தத்தித் தத்தி வந்து என் பையை மணந்து பார்த்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள், ஆனால் கண்ணில் உயிர் இருந்தது. நான் அவளைத் தூக்கினேன். மேல்வீட்டுத் தங்கச்சி எங்கள் இருவரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் காலை அவள் என் கதவைத் தட்டினாள். கையில் டிபன் பாத்திரம். அவித்த சாளை.

"வாட்ச்சர்கிட்ட இடம் கேட்டுட்டேன். போய்ப் பாத்துட்டு வருவோம்கா."

கிடைக்காது என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓட்டோவில் போனோம். சந்தைக்குப் பின்னால் மீன் வெட்டிக் கழுவுகிற இடம், சேறும் செதிலும் இரத்தமும். அங்கே பூனைகளுக்குக் குறைவில்லை. காது கிழிந்தவை, கண் பழுதானவை, வயிறு வீங்கினவை. ஒரு வெட்டுக்காரன் கழிவு எறியும்போதெல்லாம் ஒன்றையொன்று கீறிக்கொண்டு பாய்ந்தன. நான் கூப்பிட்டேன். எதுவும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தச் சேற்றுக்குள் குந்தி, பாத்திரத்தைத் திறந்து, ஒவ்வொரு துண்டாக வைத்தாள். எல்லாம் வந்தன. சாம்பல் நிறம் ஒன்றும் இல்லை, செம்மஞ்சள் ஒன்றும் இல்லை. மேசைக்குக் கீழிருந்து கறுப்பு ஒன்று மட்டும் பதுங்கிப் பதுங்கி வந்து, அவள் கையடியில் இருந்து தின்றது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தின்று முடியும் வரை பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"நம்ம கறுப்பிதானேக்கா இது?"

அது ஒரு கடுவன். பெரிய தலையும் தடித்த கழுத்துமாக, யார் பார்த்தாலும் தெரிகிற கடுவன். அத்தனை நாள் கறுப்பிக்குச் சோறு வைத்தவளுக்கு அது தெரியாமல் இருக்க முடியாது.

"ஓம், தங்கச்சி," என்றேன். "எங்கட கறுப்பிதான். நல்லாத்தான் இருக்கிறாள்."

அவள் பாத்திரத்தில் மிச்சமிருந்ததையெல்லாம் அதற்கு முன்னால் கொட்டினாள்.